வீடு நிறையப் பூனைகள்!

ஒரு பூனை இருந்தால் செல்லம். இரண்டு இருந்தால் துணை. பத்து இருந்தால்?

பத்து இருந்தால் அது ஒரு குடும்பம்! அந்தக் குடும்பத்துக்குச் சாப்பாட்டுச் செலவு உண்டு. டாக்டர் செலவு உண்டு. சண்டை உண்டு, சமாதானம் உண்டு. பிரசவமும் உண்டு!

தெருவில் கிடந்த பூனைகளை எடுத்து வந்து, வீடு நிறைய வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் உலகம் எங்கும் இருக்கிறார்கள். "இது என்ன பைத்தியம்?" என்று சிலர் சிரிக்கிறார்கள். "பெரிய புண்ணியம்" என்று சிலர் பாராட்டுகிறார்கள்.

சிரிப்பும் பாராட்டும் பூனைக்கு வேண்டாம். அதற்கு வேண்டியது வேறு. அது என்ன என்று பார்ப்போம்.

எப்படி வந்து சேருகிறது?

"நான் பத்துப் பூனை வளர்க்கப் போகிறேன்" என்று யாரும் தொடங்குவது இல்லை.

மழை நாள். சாக்கடை ஓரத்தில் ஒரு குட்டி கத்துகிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருகிறது.

"அம்மா, இன்றைக்கு ஒரு நாள் மட்டும்!"

"சரி. நாளைக்குக் காலையில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்."

அந்த "நாளைக்கு" வருவதே இல்லை! குட்டி வளர்கிறது. அது பெட்டை. ஒரு நாள் பரண் மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது. மறுநாள் பார்த்தால் நான்கு குட்டிகள்!

"அந்த வீட்டில் பூனைக்குச் சோறு போடுகிறார்கள்" என்ற செய்தி ஊருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் கேட்க வேண்டுமா? வேண்டாத குட்டிகளை எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள்.

இப்படித்தான் ஒன்று ஐந்து ஆகிறது. ஐந்து பதினைந்து ஆகிறது.

தறி வீட்டுக் காவல்காரன்

திருவண்ணாமலை மாவட்டத்தில், வந்தவாசிப் பக்கம் உள்ள ஊர் தேசூர். ஆரணிப் பட்டு நெய்யும் பகுதியைச் சேர்ந்தது. ஆரணிப் பட்டின் பெயர் நாடு அறிந்தது. அது புவிசார் குறியீடு பெற்ற பட்டு.

கர்நாடகத்திலிருந்து பட்டு நூல் வருகிறது. குஜராத்தில் உள்ள சூரத்திலிருந்து சரிகை வருகிறது. இரண்டும் விலை உயர்ந்தவை. இரண்டும் சேர்ந்து தறியில் ஏறினால், அந்த வீட்டின் சொத்தே தறியில் இருக்கிறது என்று அர்த்தம்.

தறியில் நீளமாகப் போடும் நூலுக்குப் பாவு என்று பெயர். ஒரு சேலையின் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கும். ராத்திரி ஒரு எலி வந்து கடித்தால் போதும். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிணைக்க வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும்!

எலிக்குப் பட்டு சாப்பாடு அல்ல. பிறகு ஏன் கடிக்கிறது? நூலில் ஏற்றிய கஞ்சியின் வாசனை அதை இழுக்கும். கூடு கட்டவும் அதற்கு நூல் வேண்டும். அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் அதனால் வாழ முடியும்.

ஆகவே, நூல் இருக்கும் வீட்டில் பூனைக்கு ஒரு மரியாதை உண்டு. அது சம்பளம் வாங்காத காவல்காரன்!

"சோறு போட்டால் பூனை எலி பிடிக்காது" என்று சொல்வார்கள். அது தவறு. பசி வேறு, வேட்டைக் குணம் வேறு. வயிறு நிறைந்த பூனையும் எலியைக் கண்டால் பாயும். பட்டினி போட்டால்தான் அது வீட்டை விட்டுப் போய்விடும்.

பூனைக்குக் கோவில்!

பட்டுக்கும் பூனைக்கும் உள்ள இந்த உறவு நம் ஊரில் மட்டும் அல்ல. ஜப்பானுக்குப் போனால் பூனைக்குக் கோவிலே இருக்கிறது!

ஜப்பானில் தாங்கோ என்ற பகுதி உண்டு. அங்கே 1720-ம் ஆண்டு முதல் ஒருவகைப் பட்டுத் துணி நெய்கிறார்கள். அங்குள்ள ஒரு கோவிலின் வாசலில் சிங்கத்துக்குப் பதிலாக இரண்டு கல் பூனைகள் காவல் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 1832-ம் ஆண்டில் வைக்கப்பட்டது. பட்டுத் தொழில் செய்தவர்கள் எலியிடமிருந்து பட்டைக் காத்த பூனைக்குச் செய்த மரியாதை அது.

அதே நாட்டில் தாஷிரோஜிமா என்று ஒரு தீவு இருக்கிறது. முன்பு அங்கே பட்டுப்புழு வளர்த்தார்கள். எலிகள் புழுவைத் தின்றன. எலியைப் பிடிக்கப் பூனைகளை வளர்த்தார்கள். பட்டுப்புழுத் தொழில் போய்விட்டது. மனிதர்களும் குறைந்துவிட்டார்கள். பூனைகள் மட்டும் பெருகின! இன்று அந்தத் தீவில் மனிதரைவிடப் பூனைகளே அதிகம். அங்கேயும் பூனைக்கு ஒரு சிறு கோவில் உண்டு.

1602-ம் ஆண்டில் கியோட்டோ நகரில் ஒரு வேடிக்கையான உத்தரவு போட்டார்கள். "பூனைகளைக் கயிற்றில் கட்டி வைக்கக் கூடாது. அவிழ்த்து விட வேண்டும்" என்பதுதான் அது. அவிழ்த்து விட்டால்தானே எலி குறையும்!

மாமல்லபுரத்துப் பூனை

பூனை மனிதனோடு சேர்ந்தது நேற்று அல்ல. மத்தியதரைக் கடலில் சைப்ரஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே ஒரு பழைய கல்லறையைத் தோண்டினார்கள். ஒரு மனிதனுக்குப் பக்கத்தில் ஒரு பூனையையும் புதைத்திருந்தார்கள். அந்தக் கல்லறைக்கு வயது சுமார் 9,500 ஆண்டு! 2004-ம் ஆண்டில் இந்தச் செய்தி வெளியாயிற்று.

அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. ஆகவே, யாரோ அதைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் ஒரு பழைய பூனை இருக்கிறது. மாமல்லபுரத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அர்ச்சுனன் தபசு என்று சொல்லும் பெரிய பாறையில், ஒரு பூனை கைகளை மேலே தூக்கித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள்! 7-ம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பி செதுக்கியது. பூனையை நன்றாகப் பார்த்துப் பழகிய கை அது.

இரவு விளக்கும் அறுபது பூனைகளும்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைத் தெரியாதவர் உண்டா? 1820-ம் ஆண்டில் பிறந்து 1910-ம் ஆண்டில் மறைந்தவர். கையில் விளக்கோடு போர்முனை ஆஸ்பத்திரியில் சுற்றி வந்தவர்.

போர்முனையிலிருந்து திரும்பிய பிறகு அவர் உடம்பு கெட்டுவிட்டது. பல ஆண்டுகள் படுக்கையோடு இருந்தார். அப்போது துணையாக இருந்தவை பூனைகள்! வாழ்நாளில் சுமார் அறுபது பூனைகளை வளர்த்தார். ஒரு பெரிய பூனைக்கு, ஜெர்மனியின் பிரதமர் பிஸ்மார்க்கின் பெயரை வைத்தார். அவர் எழுதிய சில காகிதங்களில் மைபட்ட பூனைக் காலின் தடம் இன்றும் இருக்கிறது!

ஒன்று கவனிக்க வேண்டும். அறுபதும் ஒரே சமயத்தில் அல்ல. குட்டி பிறந்தால் அதற்கு நல்ல வீடு தேடினார். எப்படி வளர்க்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அரண்மனைப் பூனைகள்

ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஹெர்மிடேஜ் என்ற பெரிய அரண்மனை இருக்கிறது. இப்போது அது உலகப் புகழ் பெற்ற பொருட்காட்சிசாலை.

1745-ம் ஆண்டில் அந்த நாட்டு மகாராணி எலிசபெத் ஓர் உத்தரவு போட்டார். "கசான் ஊரிலிருந்து நல்ல, பெரிய, எலி பிடிக்கும் பூனைகளாகப் பார்த்து அனுப்புங்கள்" என்றார். அன்று முதல் அரண்மனையில் பூனை வாழ்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் அந்த நகரை 1941 முதல் 1944 வரை முற்றுகை இட்டது. மனிதர்களே பசியால் லட்சக்கணக்கில் செத்தார்கள். பூனைகள் மிஞ்சுமா? எலி பெருகிற்று. பிறகு வெளியூரிலிருந்து பூனைகளைக் கொண்டு வந்தார்கள்.

இன்று சுமார் ஐம்பது பூனைகள் அந்த மாளிகையின் அடித்தளத்தில் வாழ்கின்றன. அவற்றுக்குச் சமையல் உண்டு, வைத்தியம் உண்டு. சித்திரங்கள் உள்ள கூடத்துக்குள் மட்டும் அனுமதி இல்லை. எண்ணிக்கை அதிகமானால், விரும்புகிறவர்களுக்கு வளர்க்கக் கொடுக்கிறார்கள்.

ஆறு விரல் பூனைகள்

1954-ம் ஆண்டில் இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்றவர், அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே. கீ வெஸ்ட் என்ற தீவில் அவர் வாழ்ந்த வீடு இப்போது ஒரு காட்சிசாலை. அங்கே ஐம்பது, அறுபது பூனைகள் இருக்கின்றன. பூனைக்கு முன் காலில் ஐந்து விரல், பின் காலில் நான்கு விரல் இருப்பது வழக்கம். இந்த வீட்டுப் பூனைகளில் பாதிக்கு ஆறு விரல்!

2017-ம் ஆண்டில் அங்கே பெரிய புயல் வந்தது. "எல்லாரும் தீவை விட்டுப் போங்கள்" என்று அரசாங்கம் சொன்னது. அந்த வீட்டில் அப்போது 54 பூனைகள். வீட்டைப் பார்த்துக்கொண்டவர்கள் போகவில்லை. பூனைகளோடு உள்ளேயே இருந்தார்கள். புயல் போயிற்று. 54 பூனைகளும் பிழைத்தன!

இங்கேயும் கண்டபடி குட்டி போட விடுவது இல்லை. பெரும்பாலான பூனைகளுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுகிறார்கள்.

நைட்டிங்கேல் வீடு, ரஷ்ய அரண்மனை, ஹெமிங்வே வீடு. மூன்றிலும் ஒரு பொது விஷயம் இருக்கிறது அல்லவா? மூன்றிலும் அன்போடு கணக்கும் இருந்தது!

பயங்கரக் கணக்கு

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம்.

பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். கர்ப்பம் சுமார் 63 நாள். ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டி. குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் கர்ப்பம் ஆகலாம்!

ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி என்று வைத்துக்கொள்வோம். பாதி பெட்டை, பாதி கடுவன்.

முதல் ஆண்டு முடிவில், தாயோடு சேர்த்து 9 பூனை. இவற்றில் பெட்டை 5.

இரண்டாம் ஆண்டு, அந்த 5 பெட்டையும் குட்டி போட்டால் 40 குட்டி. மொத்தம் 49.

மூன்றாம் ஆண்டு, 25 பெட்டை. 200 குட்டி. மொத்தம் 249!

இது காகிதக் கணக்குத்தான். தெருவில் 249 பூனைகளைப் பார்க்கிறோமா? இல்லை. பிறகு மற்றவை எங்கே?

நோயில் செத்தன. பசியில் செத்தன. லாரிச் சக்கரத்தில் செத்தன. நாய் வாயில் செத்தன. சாக்கில் கட்டிக் குளத்தில் போட்டதால் செத்தன. கண் திறக்காத குட்டியாகவே குப்பைமேட்டில் செத்தன.

நம் கண்ணுக்குத் தெரியாமல் சாவதால், கணக்கு சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. அவ்வளவுதான்.

தீவு சொல்லும் பாடம்

ஜப்பானில் ஆவோஷிமா என்று இன்னொரு பூனைத் தீவு இருக்கிறது. மீன் பிடிப்பவர்களின் தீவு. படகில் எலித் தொல்லைக்காகப் பூனை வளர்த்தார்கள். வேலை தேடி மனிதர்கள் வெளியூர் போய்விட்டார்கள். விரல் விட்டு எண்ணும் முதியவர்கள்தான் மிஞ்சினார்கள். பூனைகளோ 200-க்கு மேல்!

நாளைக்கு இந்த முதியவர்களும் இல்லை என்றால், பூனைகளுக்குச் சோறு போடுவது யார்?

தீவுக்காரர்கள் யோசித்தார்கள். 2018-ம் ஆண்டில் டாக்டர்கள் வந்தார்கள். பூனைகளுக்கு எல்லாம் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். இருக்கிற பூனைகள் இருக்கட்டும், பட்டினி கிடக்கப் புதுப் பூனைகள் பிறக்க வேண்டாம் என்பதே அவர்கள் செய்த முடிவு.

பூனையின் மேல் அன்பு இல்லாமல் செய்த காரியமா இது? அன்பு இருந்ததால்தான் செய்தார்கள்.

சென்னையில் தொடங்கிய வழி

இந்த வழி நமக்குப் புதிது அல்ல. தமிழ்நாட்டில் அறுபது ஆண்டுக்கு முன்பே தொடங்கியது.

சென்னையில் கேப்டன் சுந்தரம் என்ற விமானி இருந்தார். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானிதான். 1959-ம் ஆண்டில் தியாகராய நகரில் மழை வெள்ளம். அதில் இரண்டு நாய்க்குட்டிகள் தத்தளித்தன. சுந்தரம் அவற்றை மீட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று பெயர் பெற்று விளங்கும் "புளூ கிராஸ்" சங்கம்!

1964-ம் ஆண்டில் அந்தச் சங்கம் ஒரு புது வேலையைத் தொடங்கிற்று. தெரு நாய்களைக் கொல்வதற்குப் பதிலாக, கருத்தடை ஆபரேஷன் செய்து விட்டுவிடுவது என்பதுதான் அது. 1990-களில் சென்னை மாநகராட்சியும் அந்த வழிக்கு வந்தது.

நாய்க்குப் பொருந்தும் அந்த வழி பூனைக்கும் பொருந்தும்.

ஆபரேஷனுக்குப் பயம் வேண்டாம்

"ஆபரேஷன் பாவம் அல்லவா?" என்று சில தாய்மார்கள் கேட்பார்கள். ஆண்டுக்கு எட்டுக் குட்டியைப் பெற்று, ஏழைச் சாகக் கொடுப்பது பாவம் இல்லையா?

மயக்க மருந்து கொடுத்துத்தான் ஆபரேஷன் செய்வார்கள். பூனைக்கு வலி தெரியாது. சில நாளில் தையல் ஆறிவிடும். ஐந்து, ஆறு மாதம் ஆனதும் செய்துவிடலாம்.

கடுவனுக்கும் செய்ய வேண்டும். ஆபரேஷன் செய்த கடுவன் ஊர் சுற்றுவது குறையும். சண்டை குறையும். சுவரில் நாற்றம் பிடித்த மூத்திரம் அடிப்பதும் குறையும். எலி பிடிப்பது மட்டும் குறையாது!

அரசாங்கக் கால்நடை மருத்துவமனையில் கேட்டால், எங்கே, எப்போது செய்கிறார்கள் என்று சொல்வார்கள். பத்துப் பூனை இருந்தால் முதலில் பெட்டைகளுக்குச் செய்யுங்கள். வீட்டுக் கணக்கு உடனே கட்டுக்குள் வரும்.

தயிர்சாதம் போதாது

பூனை பிறவியிலேயே மாமிசம் தின்னும் பிராணி. "டாரின்" என்று ஒரு சத்து இருக்கிறது. அது மாமிசத்திலும் மீனிலும்தான் அதிகம். அது இல்லாவிட்டால் பூனைக்குக் கண் கெடும். இதயமும் கெடும். 1970-களிலும் 1980-களிலும் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள்.

சைவ வீட்டுக்காரர்கள் தயிர்சாதம் போட்டே பூனையை வளர்த்துவிடலாம் என்று நினைப்பார்கள். முடியாது. அப்படிப்பட்ட வீட்டில் கடையில் விற்கும் பூனைத் தீனியை வாங்கிப் போடலாம். அதில் இந்தச் சத்தைச் சேர்த்திருப்பார்கள்.

பாலும் அப்படியே. "பூனைக்குப் பால்" என்பது பழைய பேச்சு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிறு போகும். தண்ணீர்தான் நல்லது.

வேகவைத்த மீனோ கோழியோ போடுகிறவர்கள், முள்ளையும் எலும்பையும் எடுத்துவிட்டுப் போடுங்கள். உப்புக் கருவாடு வேண்டாம். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பும் வேண்டாம். அவை பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும்.

ஒரு பூனைக்கு நாளைக்கு 200 கிராம் உணவு என்று வைத்தாலும், பத்துப் பூனைக்கு 2 கிலோ. மாதத்துக்கு 60 கிலோ! பதினோராவது பூனையைத் தூக்கி வருமுன் இந்தக் கணக்கை நினைக்க வேண்டும்.

நூலே எமன்!

தேசூர் போன்ற நெசவு ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூனைக்கு நூல் என்றால் உயிர். ஆனால், அந்த நூலே அதன் உயிரை எடுத்துவிடும்!

பூனையின் நாக்கைத் தொட்டுப் பாருங்கள். அரம்போல் சொரசொரப்பாக இருக்கும். அதில் உள்ள சிறு முட்கள் உள்பக்கம் பார்த்து இருக்கும். ஆகவே, வாயில் நூல் மாட்டினால் பூனையால் துப்ப முடியாது. விழுங்கிக்கொண்டே போகும். நூலின் ஒரு முனை நாக்கடியில் சிக்கிக்கொள்ளும். மறு முனை குடலுக்குள் போகும். குடல் சுருங்கி, நூல் கத்திபோல் அறுத்துவிடும்.

பட்டு நூல் மெல்லியது. ஆனால் பலம் அதிகம். சரிகையும் அப்படியே. கழிவு நூலைத் தரையில் விடாதீர்கள். மூடி உள்ள டப்பாவில் போடுங்கள்.

வாயிலோ, பின்புறத்திலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் குடல் அறுந்துவிடும். உடனே கால்நடை டாக்டரிடம் கொண்டு போங்கள்.

பட்டுச் சேலைப் பெட்டியில் பாச்சை உருண்டை வைப்பது வழக்கம். அது பூனைக்கு விஷம். காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால் அதைவிடக் கொடிய விஷம். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்! பினாயில் ஊற்றித் தரை கழுவினால், நன்றாகக் காய்ந்த பிறகே பூனையை உள்ளே விடுங்கள். ஈரத்தில் நடந்துவிட்டுக் காலை நக்கினால் அதற்கு ஆபத்து.

புது விருந்தாளி

பல பூனை உள்ள வீட்டில் ஒரு பூனைக்கு வந்த நோய் எல்லாப் பூனைக்கும் வந்துவிடும். குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் கொடிய வாந்தி, பேதி நோய் ஒன்று உண்டு. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

ஆகவே, புதுப் பூனை வந்தால் உடனே கூட்டத்தில் விடாதீர்கள். இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். பூச்சி மருந்தும் தடுப்பூசியும் ஆன பிறகு, கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே தட்டில் சோறு வைத்தால், பலசாலி தின்னும், நோஞ்சான் பார்த்துக்கொண்டு நிற்கும். தட்டுகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். ஏறி உட்கார உயரமான இடம் கொடுங்கள். மண் தொட்டியும் போதுமான அளவு இருக்க வேண்டும். பூனைக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்பது நல்ல கணக்கு.

நமக்கும் ஜாக்கிரதை

"பூனை முடி உள்ளே போனால் ஆஸ்துமா வரும்" என்பார்கள். முடியால் அல்ல. பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்டவருக்குத் தும்மலும் இளைப்பும் வரும். எல்லாருக்கும் வராது.

வெறிநாய்க் கடி நோய் பூனையாலும் வரும். இதைப் பலர் அறியார். பூனைக்கு மூன்று மாதம் ஆனதும் அந்தத் தடுப்பூசியைப் போட்டுவிட வேண்டும். பிறகு டாக்டர் சொல்கிறபடி தொடர வேண்டும். தெருப் பூனை கடித்தாலோ, பிராண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த ஊசி இலவசம்.

கர்ப்பிணிப் பெண்கள் பூனையின் மலத்தை அள்ளக் கூடாது. அதிலிருந்து வரும் ஒரு கிருமி வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். வீட்டில் வேறு யாராவது தினமும் அள்ளிவிட வேண்டும். பூனையை விரட்ட வேண்டியது இல்லை.

எத்தனை போதும்?

எத்தனை பூனை வளர்க்கலாம்? இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால், சில கேள்விகள் உண்டு.

எல்லாப் பூனைக்கும் தினமும் வயிறாரச் சோறு இருக்கிறதா? ஒன்றுக்கு நோய் வந்தால் டாக்டரிடம் போகப் பணம் இருக்கிறதா? வீடு நாறாமல் இருக்கிறதா? வீட்டுக்காரர் நான்கு நாள் படுத்துவிட்டால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா?

"ஆம், ஆம்" என்று பதில் வந்தால் அது பூனைக் குடும்பம். "இல்லை" என்று வந்தால், அது பூனைச் சிறை!

சிலர் நிறுத்தவே முடியாமல் சேர்த்துக்கொண்டே போவார்கள். பூனைகள் எலும்பும் தோலுமாக இருக்கும். கூட இருப்பவர் எடுத்துச் சொன்னாலும் காதில் ஏறாது. இது ஒருவகை மனநோயாகவும் இருக்கலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. தண்டிக்கவும் வேண்டாம். அவர்களுக்கும் உதவி வேண்டும், அவர்களுடைய பூனைகளுக்கும் உதவி வேண்டும்.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. பூனை வளர்ப்பவர் வாசலில் குட்டியைக் கொண்டுபோய் வைப்பது தர்மம் அல்ல. சட்டப்படி குற்றமாகவும் ஆகலாம்.

1960-ம் ஆண்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர் தமிழ்நாட்டின் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திராவை நிறுவியவர். 1962-ம் ஆண்டில் ஏற்பட்ட விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

உங்கள் வீட்டுப் பூனை குட்டி போட்டதா? குட்டிகளைத் தாயோடு எட்டு வாரம் வைத்திருங்கள். அதற்குள் நல்ல வீடு தேடுங்கள். தாய்க்கு ஆபரேஷன் செய்துவிடுங்கள். பத்துப் பூனை வளர்க்கும் அடுத்த வீட்டு அக்காவுக்குப் பதினோராவது குட்டியைக் கொடுப்பதைவிட, ஒரு பூனையின் ஆபரேஷன் செலவைக் கொடுங்கள். அந்த உதவி பெரியது.

பூனைக்கு நம்முடைய பாராட்டு வேண்டாம். ஒரு தட்டுச் சோறு, ஒரு மூலை இடம், ஓர் ஊசி, ஓர் ஆபரேஷன். இவ்வளவுதான் அதற்கு வேண்டும்.

எண்ணி வளர்த்தால் எல்லாப் பூனையும் செல்லப் பூனை! எண்ணாமல் வளர்த்தால், எல்லாமே மறுபடியும் தெருப் பூனை!